காரணம் தெரிந்தாயிற்று, இனி பொறுப்பு: மூளை வேறுபாடுள்ள இணையர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனத்தையும் செயல் வேகத்தையும் கட்டுப்படுத்தச் சிரமப்படும் மூளை இயல்பு, இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்தபோது எனக்கு வயது 36. அன்று இரவு நிம்மதியில் அழுதேன். சின்ன வயதிலிருந்து பொறுப்பில்லாதவன், சோம்பேறி என்று கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்ட ஒன்றுக்கு வேறொரு பெயர் கிடைத்திருந்தது. மூன்று வாரம் கழித்து என் மனைவிக்கு ஒரு சின்ன அறுவைசிகிச்சை. முடிந்ததும் அழைத்துவர நான் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேறொரு வேலையில் மூழ்கிக் கிடந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு அவளே வந்து சேர்ந்தாள். "அது என்னோட ஏடிஎச்டி" என்றேன். அவள் கத்தவில்லை. "சரி, நீ செய்யலை, ஏடிஎச்டிதான் செஞ்சது. அப்போ நான் காத்திருந்ததுக்கு யாருகிட்ட கேக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இடையில் அவளுக்கும் ஒரு மூளை வேறுபாடு இருப்பது தெரியவந்தது: ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் ஒலி, ஒளி போன்றவற்றை உணர்வதும் பெரும்பாலோரிடமிருந்து மாறுபடும் இயல்பு. அதனால் கேட்கும் இடத்திலும் பதில் சொல்லும் இடத்திலும் நாங்கள் இருவருமே மாறி மாறி நின்றிருக்கிறோம். நான் மருத்துவரோ உளவியலாளரோ இல்லை. உங்களுக்கோ உங்கள் துணைக்கோ அண்மையில் இப்படி ஒரு பெயர் கிடைத்திருந்தால், அல்லது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரை விட்டுவிட்டு விவரத்துக்கு வாருங்கள்

மூளை வேறுபாடுள்ளவர்களை ஆங்கிலத்தில் நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். அது ஒரு நோயின் பெயர் இல்லை. பெரும்பாலோரின் மூளை இயங்கும் விதத்திலிருந்து விலகி இயங்கும் மூளை என்று பொருள். ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) போன்ற பலவும் அந்தக் குடையின் கீழ் வரும். மூளைகள் பல விதமாக இருப்பது இயல்பே என்று சொல்லும் நரம்பியல் பன்மை என்ற கருத்து 1990-களின் இறுதியில் ஆட்டிசம் உள்ளவர்களின் இணையக் குழுக்களிலும், ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் 1998 ஆய்வேட்டிலும் உருவெடுத்தது. நியூரோடைவர்ஜென்ட் என்ற சொல்லை 2000 வாக்கில் உருவாக்கியவர் கேசியேன் அசசுமாசு என்ற ஆட்டிசம் செயற்பாட்டாளர்.

நடுவயதில் பலருக்கு இது தெரியவருவதற்குக் காரணம் உண்டு. மனநல நிலைகளை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில், ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதை 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் ஏற்றுக்கொண்டது. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகக் கூர்மையாகவோ மிக மங்கலாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்ந்ததும் அப்போதுதான். அதற்கு முன் வளர்ந்தவர்களில் பலர் எந்த விளக்கமும் இல்லாமலே வளர்ந்தார்கள்.

ஆனால் ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு இந்தப் பெயர் மட்டும் போதாது. "எனக்கு ஏடிஎச்டி" என்பதை வைத்து உங்கள் துணை எதையும் திட்டமிட முடியாது. "ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது, எப்போதும் குறைவாகத்தான் நினைப்பேன்" என்றால் முடியும். எனவே ஒரு தாளை எடுத்து உங்களைப் பற்றி எழுதுங்கள். கண்ணில் படாத பொருள் என் நினைவிலும் இருக்காது. திட்டம் கடைசி நிமிடத்தில் மாறினால் அரை நாள் எதுவும் செய்ய முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் எதுவும் காதில் விழாது. இப்படி நடப்பதை மட்டும் எழுதுங்கள், குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எது உதவுகிறது, எது நிலைமையை மோசமாக்குகிறது என்று இரண்டு வரி. மூளை வேறுபாடு இல்லாத துணையும் தன்னைப் பற்றி ஒரு தாள் எழுத வேண்டும். அதைத் தவிர்த்தால் ஒருவர் நோயாளி, மற்றவர் பராமரிப்பாளர் என்று வீடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

என் மனைவியின் தாளில் இருந்த ஒரு வரி பத்து வருடச் சண்டைகளை எனக்கு விளக்கியது: "என்ன உணருகிறாய் என்று கேட்டால் எனக்கு உடனே தெரியாது. நாளைக்குத் தெரியும்." தன் உணர்வைத் தானே அடையாளம் கண்டு பெயர் சொல்லச் சிரமப்படுவதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு கட்டுரை, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. அவள் மௌனத்தை நான் அத்தனை வருடமும் அலட்சியம் என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது, "உடம்பில் எங்காவது இறுக்கமா இருக்கா? நாளைக்குப் பேசலாமா?" என்று கேட்கிறேன். மறுநாள் அவள் எழுதியே கொடுத்துவிடுவாள்.

இரண்டாம் படி: புரியாமல் போவது இரு பக்கமும் நடக்கிறது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்ற பழைய பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். இரண்டு விதமான மூளைகள் சந்திக்கும்போது புரிதல் இரு பக்கமும்தான் உடைகிறது. சிறுபான்மையாக இருப்பவரிடம் மட்டும் குறை இருப்பதாகக் கணக்கு எழுதிவிடுகிறோம் என்பது அவர் வாதம். இதை அவர் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்றார். 2020-இல் ஆய்வாளர் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எட்டுப் பேர் வரிசையாக ஒருவர் மற்றவருக்கு ஒரு கதையைச் சொல்லிக் கடத்த வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகள், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைகளுக்குக் குறையாமல் கதையைக் கடத்தின. அதாவது, தங்களுக்குள் அவர்களுக்குப் புரிதலில் குறை இல்லை.

வீட்டில் இதன் பயன் எளிது. "உனக்குப் புரியவே புரியாது" என்ற வாக்கியத்தைக் கைவிட்டு, "நான் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டது?" என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. புரிதல் இரு பக்கமும் உடைகிறது என்பதால், நடக்கும் எல்லாத் தவறுக்கும் இருவரும் பாதிப் பாதிப் பொறுப்பு என்று ஆகாது. மருத்துவமனை வாசலில் அவள் காத்திருந்ததில் அவள் பங்கு எதுவும் இல்லை.

மூன்றாம் படி: காரணத்தையும் விளைவையும் தனித்தனியே வையுங்கள்

எங்களுக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தவறு நடந்தால் அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. என்ன எண்ணத்தில் செய்தேன், ஏன் அப்படி ஆனது, மற்றவருக்கு என்ன ஆனது. மூளை வேறுபாடு நடுவில் இருக்கும் 'ஏன்' என்பதற்கு மட்டுமே பதில். நான் வேண்டுமென்றே மறக்கவில்லை என்பது உண்மை. அவள் மயக்க மருந்தின் களைப்போடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை அழிக்க முடியாது. அந்த இரவு நான் செய்யப் பார்த்தது அதைத்தான்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் விளைவு. "நான் வராததால நீ தனியா, வலியோட ரெண்டு மணி நேரம் காத்திருந்தே." இதை அவர் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். 'ஆனால்' என்ற சொல் வரக்கூடாது. அடுத்தது பொறுப்பேற்பது: "இது என் தப்பு, ஒத்துக்கிட்ட வேலையை நான் செய்யலை." மூன்றாவதாக, அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். காரணம் கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் திட்டத்தோடு சேர்ந்துதான்: "ஒரு வேலையில மூழ்கிட்டா எனக்கு நேரம் தெரியாது. அதனால இனி இப்படிப்பட்ட நாள்ல வேற வேலையே தொடங்க மாட்டேன், ஒரு மணி நேரம் முன்னாடியே அங்க வந்து உட்காந்துடுவேன்." காரணம் இங்கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வரவில்லை, எந்தத் திட்டம் பலிக்கும் என்று காட்ட வருகிறது. காரணம் தெரிந்துகொண்டதன் உண்மையான பலனும் இதுதான்.

"இனிமே கவனமா இருக்கேன்" என்பது திட்டமே இல்லை. கவனம்தான் நம்மிடம் நம்ப முடியாத கருவி, அதையே மறுபடி அடமானம் வைக்கிறோம். ஏடிஎச்டியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரசல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல், எனவே உதவி அந்தச் செயல் நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே இருக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் மாத்திரை. வாசல் கைப்பிடியில் தொங்கும் பை. இதோடு, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் தொகுத்து எழுதிய 'இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்' முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "மாலையில் குப்பையை வெளியே வைக்கிறேன்" என்று சொல்வதைவிட, "வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும் எழுந்து குப்பைப் பையை எடுப்பேன்" என்று ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது பலிக்கும்.

இரண்டு வாரம் செய்து பாருங்கள். பலிக்கவில்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள். அதே வாக்குறுதியை இன்னும் அழுத்தமான குரலில் சொல்லாதீர்கள். ரிமைண்டர் வைத்து அதை அணைத்துவிட்டு மறந்தேன் என்றால், இன்னொரு ரிமைண்டர் அதற்குத் தீர்வாகாது. திட்டத்தைக் கண்டுபிடித்து, சோதித்து, தோற்றால் மாற்றும் வேலை யாருடையது என்பதும் முக்கியம். அது தவறு செய்தவருடைய வேலை. என் மனைவி எனக்கு அலாரம் வைத்துக்கொண்டிருந்த வரை நான் பொறுப்பேற்கவில்லை, பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தேன்.

வெட்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கியவர்களுக்கு, ஒரு சின்னக் குறைகூட இடி மாதிரி இறங்கும். ரிஜெக்‌ஷன் சென்சிடிவிட்டி, அதாவது நிராகரிப்பை மிகக் கூர்மையாக உணர்வது, என்று இதைப் பேசுகிறார்கள். டிஎஸ்எம் கையேட்டில் இது தனி நோயாக இல்லை, ஆனால் அந்த வலி பொய்யில்லை. என்ன ஆகிறது என்றால், மனைவி தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்குவாள். இரண்டாம் நிமிடத்தில் நான் "நான் எதுக்குமே லாயக்கில்லாதவன்" என்று உடைந்துபோவேன். ஐந்தாம் நிமிடத்தில் அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அவள் வருத்தம் எங்கே போனது? எனக்கு உண்மையிலேயே வலித்தது. அப்படி இருந்தும் அவளுக்கு அது அநியாயம். இந்த வலி வரும்போது, "எனக்குத் தாங்கலை, முகம் கழுவிட்டு 15 நிமிஷத்துல வர்றேன், நீ சொன்னதை முழுசாக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். திரும்பி வாருங்கள். உங்கள் வெட்கத்தைப் பற்றி வேறொரு நாள், அல்லது ஒரு நண்பரிடமோ கவுன்சலரிடமோ பேசிக்கொள்ளலாம்.

நான்காம் படி: வீட்டு வேலையை முழுசாக எண்ணுங்கள்

நியாயம் என்றால் சரிபாதி என்று தொடங்கினோம், அது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத வேலைதான் அதிகம். சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-இல் எழுதிய கட்டுரையில் அதை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. இதில் முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது என்று கண்டார்.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்று சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நான்கில் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை, கை வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நினைவுபடுத்துபவர் ஓய்வே எடுக்க முடியாது.

ஒரு வாரம் இருவரும் செய்கிற, நினைக்கிற எல்லா வேலையையும் பொதுத் தாளில் குறியுங்கள். பில் கட்டுவது, டாக்டர் நேரம் வாங்குவது, குழந்தையின் பள்ளி அறிவிப்பைப் படிப்பது, யாருக்கு எப்போது நன்றி சொல்ல வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது எல்லாமே. பிறகு ஒவ்வொன்றுக்கும் இருவரும் தனித்தனியே, தங்களுக்கு அது எவ்வளவு செலவு என்று 1 முதல் 5 வரை எண் போடுங்கள். ஆச்சரியம் அங்கேதான் வரும். ஒரு போன் கால் எனக்கு 1. என் மனைவிக்கு 5. அதற்கு முன் அரை நாள் தயாராக வேண்டும், பின் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மாதாமாதம் ஒரே தேதியில் செய்யும் கணக்கு வழக்கு அவளுக்கு 1, எனக்கு 5. இத்தனை காலம் ஆளுக்குப் பாதி என்று இருவரும் 5-களையே சுமந்துகொண்டிருந்தோம்! மாற்றிக்கொண்டோம். எடுத்த வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒருவரே பார்க்க வேண்டும், மற்றவர் நினைவுபடுத்தக்கூடாது என்பது விதி. 'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் எழுதி வையுங்கள். துணி துவைப்பது என்றால் மெஷினில் போடுவதா, மடித்து அலமாரியில் வைப்பது வரையா? ஆட்டிசம் உள்ள துணைக்கு இந்தத் தெளிவே பெரிய நிம்மதி.

இருவருக்கும் 5 என்று வரும் வேலை எப்போதும் சில இருக்கும். அவற்றை எளிமையாக்கலாம், காசு கொடுத்துச் செய்விக்கலாம், செய்யாமலே விடலாம், அல்லது ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே எனக்கு வேலை ஓடுகிறது.

வெளியே நாள் முழுவதும் இயல்பானவர்போல நடிக்கும் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். மாஸ்கிங் என்று சொல்வார்கள். கண்ணைப் பார்ப்பது, உடலை அசைக்காமல் இருப்பது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது எல்லாவற்றையும் யோசித்துச் செய்துவிட்டு வருபவரிடம் மாலையில் மிச்சம் எதுவும் இருக்காது. அதே மாலையில் மற்றவரும் களைத்திருப்பார், அவருக்கு அதைச் சொல்ல ஒரு மருத்துவப் பெயர் மட்டும்தான் இல்லை. அவர் களைப்புக்கும் எண் போட இடம் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன், சொல்லாமல் விட மனமில்லை. மூளை வேறுபாடு கணவனுக்கு இருந்தால் குடும்பமே அவனுக்கு ஏற்ப வளைந்துகொள்கிறது. மனைவிக்கு இருந்தால், அவள் தன் வேலைகளையும் செய்து, தன் சிரமத்தையும் மறைத்து, கடைசியில் குறையும் கேட்டுக்கொள்கிறாள். உங்கள் வீட்டில் சலுகை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: தேவைகள் மோதும்போது

இருவருமே வேறுபட்ட மூளை உடையவர்கள் என்றால் எல்லாம் எளிது என்று நினைப்பார்கள். எனக்கு வேலை தொடங்கப் பாட்டுச் சத்தம் வேண்டும். அவளுக்கு அந்தச் சத்தம் தோலில் உரசுவதுபோல. எனக்குத் திட்டம் இல்லாத ஞாயிறு வேண்டும், அவளுக்கு ஞாயிறு காலை என்ன நடக்கும் என்று வெள்ளிக்கிழமையே தெரிய வேண்டும். இங்கே யாரும் தவறு செய்யவில்லை. யாருடைய தேவை உண்மையானது என்று வாதாடாதீர்கள், இரண்டும் உண்மை. இடத்தையும் நேரத்தையும் பிரியுங்கள். நான் ஹெட்போன் போடுகிறேன். ஞாயிறு காலை அவளுடையது, மாலை என்னுடையது. வலி தரும் தேவைக்கும் பிடித்தம் சார்ந்த தேவைக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், வலிக்கு முன்னுரிமை.

தொடுதலும் இப்படித்தான். மெல்லிய வருடல் சிலருக்கு எரிச்சலாகவும், இறுக்கிய அணைப்பு சுகமாகவும் இருக்கும். நேற்றுப் பிடித்தது இன்று களைப்பில் பிடிக்காமல் போகலாம். படுக்கையில் வைத்துப் பேசாமல், பகலில் உடை உடுத்தியிருக்கும்போது பேசுங்கள். வேண்டாம் என்பதற்கு ஒரு கை சைகை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் சிலருக்குப் பேச்சு வராது. பேச்சு வராததைச் சம்மதம் என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஆறாம் படி: சண்டைக்கு முன்பே சண்டை விதிகள்

ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பார், மற்றவர் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போவார். உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990-லேயே ஆராய்ந்த வளையம் இது. ஒருவர் கேட்கக் கேட்க மற்றவர் விலகுவார், விலக விலக இவர் இன்னும் கேட்பார். ஆட்டிசம் உள்ளவருக்கு ஷட்டவுன் ஆகும்போது பேச்சே நின்றுபோகும். மெல்ட்டவுன் என்றால் அழுகை, கத்தல் என்று கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. தம்பதிகளின் சண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்து பார்த்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது, குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்கிறார். எங்கள் அனுபவத்தில் என் மனைவிக்கு மூன்று மணி நேரம் வேண்டும்.

அமைதியான ஒரு நாளில் இதை முடிவு செய்யுங்கள்: நிறுத்தச் சொல்லும் ஒரு சொல் அல்லது சைகை, எவ்வளவு நேரம், திரும்பிப் பேசத் தொடங்குவது யார். நிறுத்தியவர்தான் திரும்பி வர வேண்டும். இது கண்டிப்பான விதி. திரும்பி வராத இடைவெளி, காத்திருப்பவருக்குத் தண்டனையாகிவிடும். வாயால் பேச முடியாவிட்டால் பக்கத்து அறையிலிருந்து மெசேஜ் அனுப்புங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்களின் மிக நல்ல சமாதானங்கள் எழுத்தில்தான் நடந்தன. அப்புறம், மெல்ட்டவுனில் உடைந்த பொருளையும் சொல்லிவிட்ட சொல்லையும் தணிந்த பிறகு அவரே சரிசெய்ய வேண்டும். அந்த நிமிடத்தில் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருக்கலாம், மறுநாள் காலையில் இருக்கிறது.

ஏழாம் படி: மற்ற துணையின் பொறுப்பு

இது சுருக்கமானது, ஆனால் தவறினால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. துணையின் மருத்துவப் பெயரைச் சண்டையில் கல்லாக எறியாதீர்கள். "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்பது வாக்குவாதத்தின் நடுவே கேட்கக்கூடிய கேள்வி இல்லை. வீடியோ பார்த்துவிட்டு அவருக்கு நீங்களே நோய் கண்டுபிடிக்காதீர்கள். அவர் நினைவு பலவீனம் என்பதால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீதான் மறந்திருப்பே" என்று வெல்லாதீர்கள், அது கொடுமை. முடிவுகளை எழுதி வைத்தால் இருவருக்கும் பாதுகாப்பு. அவர் அனுமதி இல்லாமல் உறவினரிடம் சொல்லாதீர்கள். ஒத்துக்கொண்ட மாற்றத்தை அவர் செய்தபோது, பத்து வருடம் தாமதம் என்று சொல்லாமல் அன்றைய மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய காயத்துக்குத் தனி நாள் வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எட்டாம் படி: இது மூளை வேறுபாடு இல்லை என்று எப்போது சொல்வது

வெளியில் மேலாளரிடம் ஒழுங்காக இருக்கிறார், வீட்டில் மட்டும் கத்துகிறார், எனவே வேண்டுமென்றே செய்கிறார் என்று ஒரு சோதனையைப் பலர் சொல்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். நாள் முழுக்க மாஸ்கிங் செய்தவர் வீட்டுக்கு வந்துதான் உடைவார். வேறு கேள்விகள் கேளுங்கள். உங்கள் பணம், போன், நண்பர்கள், வெளியே போவது இவற்றை அவர் கட்டுப்படுத்துகிறாரா? அவரைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா? தணிந்த பிறகாவது விளைவை ஒத்துக்கொள்கிறாரா? எதையாவது மாற்றிப் பார்க்கிறாரா, இல்லை விளக்கம் மட்டும் வளர்கிறதா? தவறைச் சுட்டினால் மறுத்து, திருப்பித் தாக்கி, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று நிற்பதை உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரைட் 1997-இல் டார்வோ (இந்தப் படிகளின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) என்று பெயரிட்டு விவரித்தார். "உன்னாலதான் எனக்கு மெல்ட்டவுன் வந்துச்சு" என்பதே ஒவ்வொரு முறையும் முடிவாக இருந்தால் கவனமாக இருங்கள்.

மூளை வேறுபாடு உள்ளவர்கள் கொடுமை செய்பவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தங்கள் உணர்வையே சந்தேகிக்கப் பழக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களே கொடுமைக்கு எளிதில் ஆளாகிறார்கள். அடி, மிரட்டல், பலவந்தம், பயம் இருக்கும் வீட்டில் இந்த வழிகாட்டி பயன்படாது. தம்பதி கவுன்சலிங்கும் அங்கே முதல் படியாக இருக்கக்கூடாது, உள்ளே சொன்னதற்கு வெளியே பழிவாங்கல் நடக்கலாம். தனியாக, நம்பகமான ஒருவரிடமோ குடும்ப வன்முறை உதவி மையத்திலோ முதலில் பேசுங்கள்.

ஒன்பதாம் படி: வெளியுதவியும் வாரம் ஒரு முறை அரை மணி நேரமும்

ஏடிஎச்டி மாத்திரை எடுப்பவர்கள் அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டு, துணைக்கும் சொல்லுங்கள். ஏடிஎச்டிக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தின் குறுகிய நேர வகை நான்கு மணி நேரம் அளவில் தேய்ந்துவிடும். எங்கள் இரவு ஒன்பது மணிச் சண்டைகளில் பாதி, மருந்தின் வேகம் குறைந்த பிறகு முக்கியமான விஷயத்தைப் பேச உட்கார்ந்ததால் வந்தவை. மாத்திரை கவனத்துக்கு உதவும், பில் கட்டும் பழக்கத்தை அது கற்றுத் தராது. கவுன்சலரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரியவர்களின் ஆட்டிசம், ஏடிஎச்டி பற்றிப் பயிற்சி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே ஒருவரை மட்டும் பிரச்சினையாக வைத்துப் பேசினால் வேறொருவரைப் பாருங்கள்.

வாரச் சந்திப்புக்கு ஒரே நாள், ஒரே நேரம், அரை மணி நேரம் போதும். எதிரெதிரே கண் பார்த்து உட்கார வேண்டும் என்பதில்லை, நடந்துகொண்டே பேசலாம். இந்த வாரம் எது எளிதாக இருந்தது, எந்தத் திட்டம் தோற்றது, யாருடைய தாளில் 5-கள் கூடிவிட்டன, அடுத்த வாரம் வழக்கத்துக்கு மாறாக என்ன வரப்போகிறது, இவ்வளவுதான். கடைசிக் கேள்வி எங்கள் வீட்டில், "நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது உண்டா?" அதற்கு வரும் பதிலுக்கு அன்று விளக்கம் சொல்லக்கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் செய்யலாம்.

முதல் வாரத்திலேயே ஒன்பதையும் தொடங்காதீர்கள், நாங்கள் தொடங்கிப் பத்தே நாளில் விட்டோம். இந்த வாரம் உங்களைப் பற்றிய தாளில் ஐந்து வரி எழுதித் துணையிடம் கொடுங்கள். அவர் எழுத ஒரு வாரம் கேட்டால் கொடுங்கள். அடுத்த வாரம், ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு சின்னத் தவறை எடுத்து, விளைவை முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பாருங்கள். பெரியதை எடுக்க வேண்டாம். நான் எடுத்தது, ஆறு மாதமாகக் கழற்றிப் போட்ட நிலையிலேயே கிடந்த ஒரு அலமாரிக் கதவு.

மருத்துவமனை வாசலைப் பற்றிப் பேச எனக்கு மூன்று வருடம் ஆனது. "நீ என்கிட்டதான் கேக்கணும்" என்று தொடங்கினேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, மேசை மேல் இரண்டு பக்கக் கடிதம் இருந்தது.